உஷார்! பெல்ற் மாற்றிய வான் காலையில் புகைக்கிறதா?

வான் சாவியைக் கையில் எடுத்துவிட்டீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

ரைமிங் பெல்ற் மாற்றி எத்தனை நாள்? ஒரு கிழமையா, இரண்டு மாதமா? அதற்குப் பிறகு காலையில் ஸ்ராட் எடுக்க அடம்பிடிக்கிறதா? வெள்ளைப் புகை தள்ளுகிறதா? சுமை ஏற்றினால் இழுவை இல்லையா?

அப்படியானால் அந்த வான் இன்றைக்கு ஓடவே கூடாது.

"டீசல் சரியில்லைப் போல" என்று ஒருவர் சொல்லுவார். "பற்றறி பழசு" என்பார் இன்னொருவர். "ஓட ஓடச் சரிவரும்" என்று மூன்றாமவர் தோளில் தட்டுவார். நம்பாதீர்கள். பெல்ற் வேலையில் பிழை இருந்தால் ஓட ஓட அது கூடும். கடைசியில் ஒருநாள் நடுவழியில் எஞ்சினையே தின்னும்.

கொக்கிளாயில் ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அவர்கள் பட்ட பாடே போதும்.

அந்தக் குடும்பத் தலைவரிடம் இருப்பது ஒரு டொல்பின் வான். நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரொயோற்றா ஹையேஸ். 3எல் டீசல் எஞ்சின், 2,779 சீ.சீ. விடியப்புறம் வாடியில் இருந்து மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுக்கு ஓடும். பகலில் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் ஹயர். இரவில் ஆருக்காவது சுகமில்லை என்றால் அயலவர்கள் தட்டுவதும் அந்த வீட்டுப் படலையைத்தான். மூன்று பிள்ளைகளின் படிப்பு அந்த நாலு சில்லில் ஓடுகிறது.

பெல்ற் மாற்ற வேண்டிய நேரம் வந்ததும் அவர் மாற்றினார். அசட்டையாக இருந்தவர் இல்லை. ஆனால் பெல்ற் மட்டும்தான் புதிது. அதை இழுத்துப் பிடிக்கிற ரென்சனர் பழையதே திரும்பப் பூட்டப்பட்டது. "சுத்திப் பாத்தனான் அண்ணை, நல்லாத்தான் கிடக்கு. ஏன் வீண் செலவு?" என்று வேலை செய்தவர் கேட்டார். இவரும் தலையாட்டிவிட்டார். யார்தான் தலையாட்ட மாட்டார்கள்?

பத்து நாள் ஒரு குறையும் இல்லை. பதினோராம் நாள் காலை மூன்று தரம் சாவி திருப்பித்தான் ஸ்ராட் பிடித்தது. பிடித்ததும் புகை. "முத்தமெல்லாம் வெள்ளைப் புகை. உடுப்புக் காயப்போட்ட கயிறே தெரியேல்லை அக்கா" என்று அவருடைய மனுசி எனக்குச் சொன்னா.

ஹீற்றர் பிளக் நான்கையும் மாற்றினார். புகை நிற்கவில்லை. டீசல் பில்ரர் மாற்றினார். புகை நிற்கவில்லை. பற்றறி மாற்றினார். நொசில் நான்கையும் கழற்றி வவுனியாவுக்குக் கொடுத்துச் சோதித்து எடுத்தார். ஒவ்வொன்றும் காசு. ஒவ்வொன்றுக்கும் ஓட்டம் இல்லாத ஒரு நாள். கடைசியில் ஒருவர் டீசல் பம்பின் நட்டுகளை இளக்கி, பம்பைக் கொஞ்சம் திருப்பி வைத்து இறுக்கினார். புகை பாதியாகக் குறைந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம்தான் அவர்களைக் கவிழ்த்தது.

பெல்ற் தளர்ந்து, பம்ப் புல்லியில் ஒரு பல் தாவியிருந்தது. அதனால் டீசல் பிந்திப் பீச்சியது. பம்பைத் திருப்பியதும் பீச்சுகிற நேரம் ஓரளவு முன்னுக்கு வந்தது, புகை குறைந்தது. தளர்ந்த பெல்ற் தளர்ந்தபடியே உள்ளே கிடந்தது. காய்ச்சலுக்கு பனடோல் கொடுத்துவிட்டு, காய்ச்சல் ஏன் வந்தது என்று பாராமல் விட்டது போலத்தான் இதுவும்.

பிறகு ஒரு இரவு. மணி ஒன்று தாண்டியிருக்கும். அயல் வீட்டு அம்மாவுக்கு நெஞ்சு நோ. வழமை போல இந்தப் படலையைத் தட்டினார்கள். கருநாட்டுக்கேணி தாண்டி, கொக்குத்தொடுவாய் தாண்டி, நாயாற்றுக்கு இன்னும் கொஞ்சத் தூரம். இரண்டு பக்கமும் காடு. அவசரத்தில் இவர் கால் அக்சிலேற்றரை முழுக்க மிதித்திருந்தது.

'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எஞ்சின் நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பினார். ஸ்ராட்டர் சுற்றியது. ஆனால் வழமையைவிட வேகமாக, உள்ளே ஒரு பிடிமானமும் இல்லாதது போலச் சுற்றியது. இந்தச் சத்தத்தை ஞாபகம் வைத்திருங்கள். அடைப்புப் போன சிலிண்டரின் சத்தம் அது. வால்வுகள் வளைந்து வாயை மூட முடியாமல் நின்றால் எஞ்சின் இப்படித்தான் வெறுமையாகச் சுற்றும். அதற்குப் பிறகும் திருப்பித் திருப்பி அடித்தால் சேதம் கூடும்.

யானை இறங்குகிற இடம். போனில் சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. பின் சீற்றில் அந்த அம்மா வேர்த்துக் கொட்டிக்கொண்டு மகளின் கையைப் பிடித்திருந்தா. நாற்பது நிமிடம் கழித்து மீன் ஏற்ற வந்த ஒரு கன்ரர் லொறி நின்றது. அதில் தூக்கி ஏற்றி முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவ பிழைத்துவிட்டா. பிழைக்காமலும் போயிருக்கலாம். அந்த நாற்பது நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடிக்கிறது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நெஞ்சு நோ, பாரிசவாதம், பிரசவ வலி, பாம்புக் கடி என்றால் முதலில் 1990-க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ். காசு இல்லை. அது வரும்வரை வேறு வாகனத்தையும் தேடுங்கள், தப்பில்லை. ஆனால் புகைக்கிற வானை நம்பி மட்டும் நோயாளியை ஏற்றாதீர்கள்.

வானை உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். ஹெட்டைக் கழற்றிய அன்று நானும் போய்ப் பார்த்தேன். எட்டு வால்வில் ஐந்து வளைந்திருந்தன. பிஸ்ரன்களின் தலையில் பிறை வடிவில் வெட்டு. வால்வின் விளிம்பு அடித்த தழும்பு. விரலை ஓட்டினால் நகம் அதில் தங்கியது. பழைய ரென்சனரைக் கராஜ் பாஸ் எடுத்துச் சுழற்றிக் காட்டினார். தேங்காய் துருவுகிற சத்தம். இரண்டு விரலால் ஆட்ட, அது ஆடியது. "இதைத்தான் அக்கா மிச்சம் பிடிச்சவை" என்று சொல்லிவிட்டு அதை என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு சின்னப் பெயாரிங். ஒரு கைப்பிடிக்குள் அடங்கும்.

இனி, ஏன் இப்படி நடக்கிறது என்று கேளுங்கள். தெரியாததால்தான் நாம் ஏமாறுகிறோம்.

கீழே பிஸ்ரன்களை ஏற்றி இறக்குகிற கிராங் இருக்கிறது. மேலே வால்வுகளைத் திறந்து மூடுகிற காம் இருக்கிறது. இரண்டையும் ஒரே தாளத்தில் கட்டி வைத்திருப்பது பல் வைத்த அந்த றப்பர்ப் பட்டிதான். கிராங் இரண்டு சுற்றுச் சுற்றினால் காம் ஒரு சுற்று. 3எல் போன்ற எஞ்சினில் டீசல் பம்பையும் அதே பெல்ற்தான் சுழற்றுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் செக்கனுக்கு 50 சுற்று. ஒவ்வொரு வால்வும் செக்கனுக்கு 25 தரம் திறந்து மூடுகிறது. ஒவ்வொரு தரமும் பிஸ்ரன் மேலே வருவதற்குள் வால்வு விலகிவிட வேண்டும். இரண்டுக்கும் இடையில் இருப்பது மில்லிமீற்றர் கணக்கு.

காம் புல்லியில் 40 பல் இருந்தால், ஒரு பல் தாவினால் காம் 9 பாகை பிசகும். கிராங் கணக்கில் 18 பாகை. ஒரு பல்லுக்கு எஞ்சின் பெரும்பாலும் ஓடும். மோசமாக ஓடும், ஆனால் ஓடும். அதுதான் ஆபத்து. முழுக்க நின்றுவிட்டால் நீங்களே திரும்பக் கராஜுக்குக் கொண்டுபோவீர்கள். ஓடுகிறபடியால் ஓட்டுகிறீர்கள்.

நம் ஆட்கள் எஞ்சினுக்குப் பயப்படாததற்குக் காரணம் இருக்கிறது. 1990களில் நம் பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் காணக் கிடைக்காது. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் எடுக்க மட்டும் சொட்டுச் சொட்டாகப் பெற்றோல். புகைத்தன, இருமின, ஆனாலும் ஆட்களை ஏற்றி இறக்கின. அந்தக் கார்களின் வயிற்றுக்குள் இருந்தது இரும்புச் செயின். அவற்றைத் திருத்திப் பழகிய கைகளுக்கு 'கொஞ்சம் புகைச்சால் என்ன' என்ற தைரியம் வந்தது. அந்தக் கைகளைக் கும்பிடுகிறேன். ஆனால் அந்தத் தைரியத்தை பெல்ற் எஞ்சினிடம் காட்டாதீர்கள்.

ஏமாறுகிற இன்னொரு இடமும் உண்டு. "என்ர கொரோலாவிலை பெல்ற் அறுந்தது, புதுசு போட்டன், ஒண்டும் நடக்கேல்லை" என்று சந்தியில் ஒருவர் சொல்லுவார். உண்மைதான். அந்தப் பழைய கொரோலாக்களின் 4ஏ, 5ஏ பெற்றோல் எஞ்சின்களில் பெல்ற் அறுந்தாலும் வால்வு பிஸ்ரனில் இடிக்காது. அக்ஸியோ, வகன்ஆர் வைத்திருப்பவருக்கு பெல்ற் கவலையே இல்லை, அவற்றுக்குச் செயின். ஆனால் டொல்பினின் டீசல் எஞ்சின் இடிக்கும். அந்தக் கொரோலாக்காரரின் கதையைக் கேட்டு நீங்கள் ஓடாதீர்கள். உங்கள் எஞ்சின் எது என்று முதலில் கேட்டறியுங்கள்.

சரி, எதைக் கண்டால் பயப்பட வேண்டும்?

குளிர்ந்த எஞ்சினில் வெள்ளைப் புகை, ஸ்ராட் பிடிக்கச் சுணக்கம். டீசல் பிந்திப் பீச்சுகிறது. பெல்ற் மாற்ற முன்னர் இது இல்லை, மாற்றிய பிறகு வந்தது என்றால் ஹீற்றர் பிளக்கையும் நொசிலையும் பிறகு பாருங்கள். முதலில் பெல்ற் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்.

கல்லை உடைப்பது போலத் தட்டுகிற சத்தம், கறுப்புப் புகை. இது மறுபக்கத்துப் பிழை. டீசல் முந்திப் பீச்சுகிறது. பிஸ்ரனுக்கு அடி விழுகிறது.

முன்பக்கத்தில் இருந்து ஊளை. பெல்ற் அளவுக்கு மிஞ்சி இறுகியிருந்தால் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்குகிற ஒரு 'ஊய்ங்' கேட்கும். தளர்ந்திருந்தால் மூடிக்குள் பட்டி உரசுகிற 'சரசர' கேட்கும். இரண்டுமே நல்லதில்லை. வானொலிப் பாட்டை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

கிராங் புல்லி தள்ளாடுகிறது. இதை நீங்களே பார்க்கலாம். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கையையும் சீலைத் தலைப்பையும் தூரத்தில் வைத்துக்கொண்டு, கீழே உள்ள பெரிய புல்லியைப் பாருங்கள். நேராகச் சுற்ற வேண்டும். தட்டுச் சுழன்று விழப்போவது போல ஆடினால் உடனே நிறுத்துங்கள். நடு போல்ற் சரியாக இறுக்கப்படவில்லை. உள்ளே இருக்கிற சின்னச் சாவிக்கட்டை தன் பள்ளத்தைத் தின்னத் தொடங்கிவிடும். அது தின்னத் தின்ன ரைமிங் நாளுக்கு நாள் நகரும். இன்று சரியாக வைத்தாலும் அடுத்த கிழமை பிசகும். பாஸ்மாரையே அலைக்கழிக்கிற வருத்தம் இது.

எஞ்சின் முன்பக்கம் ஒயில் ஈரம். பெல்ற் மாற்றும்போதே காம் சீலும் கிராங் சீலும் மாற்றாமல் விட்டால், கொஞ்ச நாளில் ஒயில் கசிந்து புதுப் பெல்ற்றில் படும். ஒயில் பட்ட றப்பர் ஊதும், பல் உரியும். புதுப் பெல்ற் என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

சூடு ஏறுகிறது. சில எஞ்சின்களில் பெல்ற் வேலையோடு வோட்டர் பம்பும் மாற்றுவார்கள். தண்ணீர் திரும்ப ஊற்றும்போது உள்ளே காற்று அடைத்து நின்றுவிடும். சூட்டு முள் மேலே போகிறதைப் பார்த்தும் ஓட்டினால் ஹெட் கஸ்கெற் எரியும்.

பெற்றோல் காராக இருந்து, எஞ்சின் லைற் எரிந்து, நிற்கும்போது நடுங்கினால் ஸ்கானர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கிராங்கும் காமும் ஒத்துப்போகவில்லை என்று வந்தால் விளங்கிவிடும். ஆனால் ஸ்கானர் 'சென்சர்' என்று சொன்ன உடனே சென்சர் வாங்க ஓடாதீர்கள். பெல்ற் வேலையில் அந்த வயர் மூடிக்குள் நசிந்திருக்கலாம். பிளக் வயர்கள் இடம் மாறியிருக்கலாம். நாலு சிலிண்டர் எஞ்சின்களில் அநேகமாக 1-3-4-2 தான் பற்றுகிற ஒழுங்கு. ஒரு வக்கியூம் குழாயைத் திரும்பப் பூட்ட மறந்திருக்கலாம். இதெல்லாம் சென்சர் விலையில்லை. ஐந்து நிமிட வேலை.

இனி உங்கள் வாயைத் திறக்க வேண்டிய இடம். கராஜில் கேள்வி கேட்கக் கூச்சப்படாதீர்கள். பாஸ் கோபிப்பார் என்று பயப்படாதீர்கள். நல்ல பாஸ் கோபிக்க மாட்டார்.

பெல்ற்றைக் கழற்றும் இடத்திலேயே நில்லுங்கள். கிராங்கில், காமில், டீசல் பம்பில் என்று புள்ளிகள் இருக்கும். மூன்றும் நேருக்கு நேர் வந்த பிறகுதான் பழைய பெல்ற் வெளியே வர வேண்டும். அந்த நேரம் உங்கள் போனால் படம் எடுங்கள். ஏன் தெரியுமா? பெல்ற் வெளியே வந்ததும் உள்ளே இருக்கிற ஸ்பிரிங்குகளின் தள்ளலில் புல்லி 'டக்' என்று தானாகத் திரும்பிவிடும். கண் முன்னாலேயே திரும்பும். அவசரத்தில் அதைச் சரியாகத் திருப்பி வைக்காமல் புதுப் பெல்ற்றை ஏற்றுகிற இடத்தில்தான் அந்த ஒரு பல் பிசகுகிறது.

புதுப் பெல்ற் போட்டதும் உடனே ஸ்ராட் அடிக்க விடாதீர்கள். "பாஸ், கையால இரண்டு சுத்துச் சுத்திக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். கிராங்கை ஸ்பனர் போட்டு, எஞ்சின் சுற்றுகிற திசையிலேயே, முழுதாக இரண்டு சுற்று. புள்ளிகள் எல்லாம் திரும்பவும் நேருக்கு நேர் வர வேண்டும். நடுவில் எங்காவது கை தடுத்தால் அதற்கு மேல் இறுக்கித் திருப்பக் கூடாது. வால்வு பிஸ்ரனைத் தொடுகிறது. கையால் சுற்றினால் ஒரு தடங்கலோடு போகும். ஸ்ராட்டர் அடித்தால் ஒரு ஹெட்டே போகும். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடமும் ஆகாது. கொக்கிளாய் வானுக்கும் இதைச் செய்து, ரென்சனரையும் மாற்றியிருந்தால் அந்த இரவு வந்திராது.

பழைய பெல்ற்றையும் பழைய ரென்சனரையும் ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மாற்றினேன் என்று சொல்வதற்குச் சாட்சி அது. பெல்ற், ரென்சனர், பட்டியைத் தாங்குகிற ஐட்லர், சீல் எல்லாம் ஒரே வேலையில் மாற்றுங்கள். திறக்கிற கூலி ஒன்றுதான்.

நம் கரையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். உவர்க்காற்று எங்கள் வாகனங்களை விடாது. வயர் முனைகளில் பச்சைக் கறள், போல்ற்றுகளில் சிவப்புக் கறள். புல்மோட்டையில் இருந்து இந்தக் கரை வழியே கிடக்கிற கறுப்பு மணல் இல்மனைற்; பாரமான, கடினமான மணல். பெல்ற் மூடியின் றப்பர் ஓரம் கிழிந்திருந்தாலோ, 'கறள் பிடிச்சிட்டுது' என்று இரண்டு போல்ற்றைப் பூட்டாமல் விட்டிருந்தாலோ, காற்றோடு அந்த மணல் உள்ளே போகும். பல்லுக்கும் புல்லிக்கும் நடுவில் மணல் அரைபடுவதை யோசித்துப் பாருங்கள். மூடியைக் கட்டுக்கம்பியால் கட்டி அனுப்புகிற வேலையை ஏற்காதீர்கள்.

பழசாக வாங்கிய வானாக இருந்தால் இன்னும் பயப்படுங்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் பழைய வாகனங்களே கை மாறிக் கை மாறி ஓடின. மீற்றர் காட்டுகிற கிலோமீற்றரை நம்பிப் பெல்ற்றின் வயதைக் கணக்கிடாதீர்கள். டொல்பினின் இந்த எஞ்சினுக்கு 1,00,000 கிலோமீற்றர் என்பது கம்பனிக் கணக்கு. ஓடாமல் நின்றாலும் றப்பர் வயதாகி வெடிக்கும். எப்போது மாற்றியது என்று சொல்ல ஆளில்லை என்றால், மாற்றவில்லை என்றே எடுங்கள்.

அந்த 1,00,000 வந்ததும் டாஷ்போட்டில் 'ரி-பெல்ற்' என்று ஒரு லைற் எரியும். பெல்ற் மாற்றியவர் அதைத் திரும்பப் பூச்சியத்தில் இருந்து தொடங்க வைக்க வேண்டும். பெல்ற்றை மாற்றாமல் லைற்றை மட்டும் அணைத்து விற்பவர்களும் உண்டு. பல்ப்பையே பிடுங்கிவிடுகிறவர்களும் உண்டு.

உங்களுடையதும் டொல்பின் என்றால் இப்போது வெளியே போங்கள். சாவியை ஸ்ராட் வரை திருப்பாமல், லைற்றுகள் எரிகிற இடத்தில் நிறுத்துங்கள். ஒயில் லைற், பற்றறி லைற்றோடு அந்த லைற்றும் எரிகிறதா? அது மட்டும் இருட்டாக இருந்தால் சாவியைக் கழற்றிக்கொண்டு இறங்குங்கள். காலையில் மீன் ஏற்ற வேறு வாகனம் பேசிவிட்டு, பாஸை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.